ஏலக்காய்க் கணக்கும் முதற் செயலியும்

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டில் ஏலக்காய் பயிராகிறது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் 1 கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். கைப்பேசிச் செயலி அமைக்கப் புதிதாகக் கற்போருக்கு இக்கணக்கே தக்க தொடக்கமாகும்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2012 முதல் நடத்திவரும் ‘ஆப் இன்வென்டர்’ என்னும் இலவசக் கருவியில் கட்டளைகளை எழுத வேண்டுவதில்லை. துண்டு துண்டாகப் பொருத்தினால் போதும். கேரளப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் மாணவர் இதனைப் பயின்றுள்ளனர்.

எடையை இடப் பெட்டி, பொத்தான், விடைக்கு இடம் ஆகியவற்றை அமைத்து, எடையை 5-ஆல் வகுக்கப் பணித்தால் செயலி ஆயிற்று. பெட்டி வெறுமையாயிருப்பின் பிழை தோன்றும். எண் உள்ளதா எனச் சோதிக்கும் கட்டளையும் வேண்டும்.

காயின் முதிர்ச்சிக்கேற்ப விகிதம் மாறும். ஆதலின் உலர்த்துமுன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தே விகிதத்தை இடுக. தவறான எண்ணுக்கும் செயலி தயங்காமல் விடை கூறும், பொறுப்பு அமைப்பவருடையதே.