அத்தையின் தாலாட்டும் அலமாரிப் பெட்டியும்

என் மூத்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, 2023 ஆவணியில் எங்கள் வீட்டில் தொட்டில் போட்டோம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். குழந்தையைத் தொட்டிலில் இட்டதும் என் மகள், "அப்பா, ஆச்சி தாலாட்டுப் பாடின வீடியோ உங்க போன்ல இருக்குல்லா? அதைப் போடுங்க. ஆச்சியே வந்து பாடின மாதிரி இருக்கும்" என்றாள்.

ஆச்சி என்றது என் மாமியாரை. 2019-ல் காலமாகிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம், மதினியின் பேரனுக்கு அவர்கள் பாடிய தாலாட்டை என் கணவர் போனில் பிடித்து வைத்திருந்தார். நடுங்குகிற குரல். பாதியில் அடி மறந்துபோய், "அப்புறம் என்னளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். அத்தையின் குரல் என்று எங்களிடம் மிஞ்சியது அந்த மூன்று நிமிஷம்தான்.

என் கணவர் பதில் பேசவில்லை. அவர் முகம் போன போக்கிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பழைய போன் ஒரு மாசத்துக்கு முன்னால் திடீரென்று செத்துப் போயிருக்கிறது. இரண்டு மூன்று கடைகளில் காட்டியும் பலன் இல்லை. எங்களிடம் சொல்ல மனசு வராமல், மனிதர் தனக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார்.

நல்ல வேளை, அந்த வீடியோவை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் மதினிக்கும் அனுப்பியிருந்தார். சங்கரன்கோவிலில் இருக்கும் மதினி அதைத் தன் போனின் மெமரி கார்டில் பத்திரமாக வைத்திருந்தார். படம் கொஞ்சம் மங்கல்தான். குரல் அப்படியே இருந்தது. அன்று ராத்திரி என் பேத்தி தன் பூட்டியின் தாலாட்டைக் கேட்டுத்தான் தூங்கினாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வீட்டில் ஐந்து போன்கள். மகள் கல்யாணப் படங்கள், எலுமிச்சை மண்டிக் கணக்கு, தோட்டத்துப் பட்டா, மாமாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாமே அந்தப் போன்களில். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி!

வீட்டுக்கு ஒரு பெட்டி

"கூகுளிலே போட்டு வைக்கலாமே" என்று சிலர் சொன்னார்கள். வைக்கலாம்தான். ஆனால் கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக வைக்கும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மெயில், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் சேமிப்பும் அந்த 15-க்குள்தான் அடங்க வேண்டும். மேலே வேண்டுமானால் மாசா மாசம் வாடகை.

2024 பொங்கலுக்குச் சென்னையிலிருந்து என் அக்கா மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவனிடம் என் குறையைச் சொன்னேன். "சித்தி, வாடகை வீடு வேண்டாம்னா சொந்த வீடு கட்டுங்க. ஒரு நாஸ் பெட்டி வாங்கிடுவோம்" என்றான்.

நாஸ் என்றால் பயந்துவிடாதீர்கள், சகோதரிகளே! நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கே புரிந்தது. இரண்டு மூன்று டப்பாக்களை அடுக்கினாற்போல ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் இரண்டு ஹார்டு டிஸ்க். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் கரண்டுக்கு. இன்னொரு ஒயர், வீட்டில் வைஃபை தரும் ரவுட்டருக்கு. அவ்வளவுதான். அதற்கு உண்டான ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டால், வீட்டுக்குள் நுழைந்ததும் வைஃபை வழியாகப் போனில் உள்ள படங்கள் தாமாகவே பெட்டிக்குள் போய்விடும். வீட்டுக்குள் பார்ப்பதற்கு இன்டர்நெட்கூட வேண்டியதில்லை.

பெட்டியும் டிஸ்க்குகளுமாக ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் விலை ஆயிற்று. கரண்ட் செலவுக்குப் பயந்தேன். சுமார் 15 வாட் இழுக்கிறது. ராப்பகலாக ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 22 யூனிட்டுக்குள்தான்.

ஆரம்பத்தில் 2 டி.பி. டிஸ்க் இரண்டு போட்டோம். ஒரு டி.பி. என்பது பத்து லட்சம் எம்.பி. போட்டோ ஒன்று 4 எம்.பி. என்று வைத்தால், இரண்டரை லட்சம் போட்டோ அடங்கும். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி செய்த முதல் டிஸ்க் கருவியில் 50 தட்டுகள். எடை ஒரு டன் அளவு. அதில் அடங்கியது 5 எம்.பி.தான். அதாவது இன்றைக்கு நம் பேத்தி சிரிக்கிற ஒரே ஒரு போட்டோ!

"இரண்டும் இரண்டும் நாலு டி.பி.தானே தம்பி?" என்று கேட்டேன். "இல்லை சித்தி, ரெண்டிலேயும் ஒரே சரக்குத்தான். ஒண்ணு எழுதினா, அதையே மத்ததும் எழுதிக்கும். ஒரு டிஸ்க் கெட்டாலும் இன்னொண்ணு கை கொடுக்கும்" என்றான். இதற்குக் கண்ணாடி முறை என்று பெயராம்.

ஊறுகாய் ஊர்க்காரிக்கு இது புரியாதா? எலுமிச்சங்காய் ஊறுகாயை ஒரே ஜாடியில் போட்டு வைத்தால், ஜாடி உடைந்தால் எல்லாம் போச்சு. இரண்டு ஜாடியில் போட்டால் ஒன்றாவது மிஞ்சும். மனசு நிம்மதியாயிற்று.

ஆனால் அக்கா மகன் விடவில்லை. சித்திரையில் மறுபடி வந்தபோது தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, பெட்டியில் உள்ளதையெல்லாம் அதில் ஒரு பிரதி எடுத்து, "இதை மாமா வீட்டிலே கொண்டு வைங்க" என்றான். மாமா என்றது வாசுதேவநல்லூரில் இருக்கும் என் அண்ணனை. "ஏற்கெனவே ரெண்டு இருக்கே, இது வேற தண்டச் செலவா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்துவிட்டு வந்தேன்.

'பழசு' போன கதை

அந்தத் தண்டச் செலவுதான் என்னைக் காப்பாற்றியது.

பத்தாவது பரீட்சை முடிந்து லீவில் இருந்த என் மகன், ஏதோ விளையாட்டு வீடியோக்களைச் சேமிக்க வேண்டி, பெட்டியில் இடம் ஒழித்திருக்கிறான். அதில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டர். வேண்டாத குப்பை என்று நினைத்து அப்படியே அழித்துவிட்டான். அத்தையின் தாலாட்டு, மாமாவின் இளவயசுப் படம், எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து நான் ஸ்கேன் செய்தவை எல்லாம் இருந்தது அந்தப் 'பழசி'ல்தான்!

"பதறாதே, ரெண்டாவது டிஸ்க்கிலே இருக்கும்" என்றார் என் கணவர். பார்த்தால் அதிலும் இல்லை. இருக்காதே! ஒன்றில் எழுதினால் மற்றதும் எழுதும். ஒன்றில் அழித்தால் மற்றதும் அந்த நிமிஷமே அழிக்கும். ஈரக் கரண்டியை ஒரு ஜாடியில் விட்டால், இரண்டு ஜாடியும் சேர்ந்து பூசணம் பிடித்த மாதிரி! டிஸ்க் கெட்டுப் போவதிலிருந்துதான் கண்ணாடி முறை காப்பாற்றும். நம் கைத் தவறிலிருந்து காப்பாற்றாது.

பையன் அழுதே விட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 'பழசு' என்று பெயர் வைத்தவள் நான்தானே?

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். உ.வே.சாமிநாத ஐயர் அந்தக் கோயிலில் பழைய ஏட்டுச் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆசையோடு தேடிப் போனார். போன இடத்தில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். இதை அவரே 'என் சரித்திரம்' நூலில் வேதனையோடு எழுதியிருக்கிறார். வேண்டுமென்று யாரும் கெடுக்கவில்லை. பழசு என்று நினைத்தார்கள், போய்விட்டது. இன்றைக்கு நாம் படிக்கிற சங்க நூல்கள், யாரோ எங்கோ இன்னொரு வீட்டில் இன்னொரு ஏட்டில் எழுதி வைத்திருந்ததால்தானே கிடைத்தன! பனையோலையும் நிரந்தரம் இல்லை. அது நைந்து போகுமுன் புது ஓலையில் படி எடுத்தார்கள். டிஸ்க்கும் அப்படித்தான்.

அன்று சாயங்காலமே வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டு பீரோவில், மதினி புடவைக்கு நடுவில் அந்த டிஸ்க் சமத்தாக இருந்தது. தாலாட்டு திரும்பி வந்தது. சித்திரைக்குப் பிறகு ஸ்கேன் செய்து சேர்த்தவை மட்டும் போயின. ஆல்பம் கையில் இருந்ததால் மறுபடி உட்கார்ந்து செய்தேன்.

இன்னொரு வீடு என்பது கைத் தவறுக்கு மட்டும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பெய்த மழை ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்துதானே நனையும்?

இடம் போதாமல் போனபோது

2025-ல் பெட்டி நிறைந்துவிட்டது. கல்யாண வீடியோ, பேத்தி தவழ்ந்தது, நடந்தது என்று சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு நிமிஷ வீடியோவே 100 எம்.பி.க்கு மேல் பிடிக்கிறது. புதுப் பெட்டி வாங்க வேண்டுமோ என்று நினைத்தேன். வேண்டாமாம். 2 டி.பி. டிஸ்க்குகளை எடுத்துவிட்டு 4 டி.பி. டிஸ்க்குகளைப் போட்டால் போதும். அக்கா மகன் போனில் சொல்லச் சொல்ல நானும் பையனுமே செய்தோம்.

முதலில் வெளி டிஸ்க்கில் புதிதாக ஒரு பிரதி எடுத்தோம். இதைச் செய்யாமல் மற்றதில் கை வைக்கவே கூடாது. பிறகு பெட்டியை முறைப்படி அணைத்து, ஒரு பழைய டிஸ்க்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினோம். பெட்டியை ஏற்றியதும், ஒரு டிஸ்க் குறைகிறது என்று பீப் பீப் என்று கத்தியது. பயப்பட வேண்டாம். பெட்டியின் திரைப் பக்கத்தில் 'ரிப்பேர்' என்பதைக் கொடுத்ததும், பழைய டிஸ்க்கில் உள்ளதைப் புதியது எழுதிக்கொள்ள ஆரம்பித்தது. காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தது, முடியும்போது ராத்திரி எட்டு. அதுவரை பெட்டிக்குள் ஒரே பிரதிதான் என்பதால், யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டேன். மறுநாள் இரண்டாவது டிஸ்க்கையும் அதே மாதிரி மாற்றினோம். கடைசியில், கூடுதல் இடத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி கட்டளை கொடுக்க வேண்டும். சில பெட்டிகள் தாமே செய்துவிடுமாம். எங்களுடையதில் நாம்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

4 டி.பி. வாங்கினால் திரையில் 3.6 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள்; கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது.

பெட்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

● நாஸ் பெட்டிக்கு என்றே, இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற டிஸ்க் இருக்கிறது. 'சி.எம்.ஆர்.' வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். மற்றொரு வகையில், ஓட்டுக் கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறியிருப்பதுபோல வரிகள் அடுக்கியிருக்கும். ஒன்றைத் திருத்த அடுத்ததையும் பிரிக்க வேண்டும். டிஸ்க் மாற்றும்போது இழுவையோ இழுவை.

● அடுப்பங்கரைப் பக்கமோ, தரையிலோ, மூடின பீரோவுக்குள்ளோ வைக்க வேண்டாம். காற்றோட்டமான அலமாரித் தட்டு நல்லது.

● கரண்ட் பட்டென்று போய் வருவது ஆகாது. சின்ன யு.பி.எஸ். ஒன்று அவசியம்.

● முதல் நாளே பாஸ்வேர்டை மாற்றி, ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். வெளியூரிலிருந்து பார்க்கும் வசதியைத் தெரியாமல் திறந்து வைக்காதீர்கள். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற திருட்டு புரோகிராம் உலகெங்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பூட்டிப்போட்டு, திறக்கப் பணம் கேட்டது. பெட்டி கேட்கிற அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

● 'ரீசைக்கிள் பின்' வசதியை ஆன் செய்யுங்கள். அழித்தது சில நாள் அதில் கிடக்கும். பிள்ளைகளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி. அழிக்கிற அதிகாரம் உங்களிடம் இருக்கட்டும்.

● வெளி டிஸ்க்கில் மாதம் ஒருமுறை பிரதி எடுத்து இன்னொரு வீட்டில் வையுங்கள். நான் ஒவ்வொரு அமாவாசைக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறேன். மறந்து போகாது. அண்ணன் வீட்டுக்கும் ஒரு நடை போன மாதிரி ஆச்சு!

பெட்டி வாங்க இப்போது வசதி இல்லையா? பரவாயில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு தாலாட்டு இருக்கும். அப்பா கூப்பிட்ட குரல் இருக்கும். குழந்தையின் முதல் அடி இருக்கும். இன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும், அதில் ஒன்றே ஒன்றை எடுத்து உங்கள் அக்காவுக்கோ நாத்தனாருக்கோ அனுப்பி, "பத்திரமா வைங்க" என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், தெளிவு குறையாது.

என் பேத்திக்கு இப்போது இரண்டு வயசு தாண்டிவிட்டது. ராத்திரியானால், "பூட்டி பாட்டு" என்று கேட்கிறாள். பாட்டு நடுவில் அத்தை, "அப்புறம் என்னளா?" என்று கேட்கும் இடம் வந்ததும், அடுத்த அடியை அவளே மழலையில் எடுத்துக் கொடுக்கிறாள்.