விளக்கைத் தாங்கும் மூன்று கால்கள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் போட்டோகிராபரின் கேமராவை எல்லோரும் விசாரிப்பார்கள். மேடையோரம் நிற்கும் லைட் ஸ்டாண்டை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கனத்த ஃபிளாஷைப் பிள்ளைகளின் தலைக்கு மேலே தாங்கி நிற்பது அதுதான். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, நிலைப்பை.

ஒரு கணக்குப் போடுவோம். ஸ்டாண்டின் எடை 2 கிலோ. 2.4 மீட்டர் உயரத்தில் சாஃப்ட்பாக்ஸோடு 3 கிலோ விளக்கு. கால் நுனிகள் நடுத்தண்டிலிருந்து 50 செ.மீ. தள்ளி ஊன்றியிருக்கின்றன. ஒரு காலின் திசையில் கவிழ வேண்டுமென்றால் மொத்த எடையின் மையம் அந்த 50 செ.மீ. தூரத்தையும் கடக்க வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே சாய்ந்தாலோ 25 செ.மீ. போதும். அந்தப் பக்கமாக விளக்கின் உயரத்தில் அரை கிலோ அளவுக்குத் தள்ளினாலே ஸ்டாண்ட் சாயத் தொடங்கிவிடும். தொங்கும் ஒயரில் யாராவது கால் இடறினால் அதைவிடப் பலமாகவே இழுக்கும்.

அதனால் விளக்கு எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் ஒரு கால் இருக்க வேண்டும். ஒயரைத் தண்டின் அடியில் கட்டிவிட வேண்டும். கால்கள் சேரும் இடத்தருகே 7 கிலோ மணல் பை ஒன்றைப் போட்டால், சுமார் 1.75 மீட்டரில் இருந்த எடை மையம் 0.85 மீட்டருக்கு இறங்கிவிடும். கவிழ்க்கத் தேவையான விசை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். இவ்வளவு மலிவான காப்பு வேறு கிடையாது.

பைக்கில் கட்டி எடுத்துப்போக அலுமினிய ஸ்டாண்ட் வசதிதான்; சின்ன ஃபிளாஷும் குடையும் மாட்டலாம். ஸ்டுடியோவுக்கு எஃகு சி-ஸ்டாண்டே என் தேர்வு. அதன் கால்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் மேசைக்கு அடியில் நுழையும், இன்னொரு ஸ்டாண்டோடும் பின்னிக்கொள்ளும். பக்கவாட்டுக் கையில் விளக்கை மாட்டும்போது, பின்னால் நின்று பார்த்தால் திருகு வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது விளக்கின் பாரமே திருகை இறுக்கும். இடப்பக்கம் இருந்தால் அதே பாரம் அதைத் தளர்த்திவிடும்.

கடையில் ஸ்டாண்டை முழு உயரத்துக்கு ஏற்றி, உச்சியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் பெரும்பாலும் மேலே உள்ள மெல்லிய குழாயிலும் பூட்டுகளிலும்தான் தெரியும்.

மயிலம் மலைமேல் மாதிரித் திறந்த வெளியில் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். மணிக்கு 18 கி.மீ. காற்றே 90 செ.மீ. சதுர சாஃப்ட்பாக்ஸை ஏறக்குறைய ஒன்றரை கிலோ விசையோடு தள்ளும். மணல் பை இருந்தாலும் அங்கே ஸ்டாண்டை ஓர் ஆள் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.