எண்ணும் படமும்

எண்களின் தொடர் படமாக மாறுமாறு யாதெனச் சிறிது ஆராய்வாம்.

1965 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே மரினர் 4 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கிரகத்தை அணுகிப் படம் பிடித்தது. பூமிக்கு வந்து சேர்ந்தவை எண்களே. ஒவ்வொரு படமும் 200 நிரைகளும், நிரைக்கு 200 புள்ளிகளும் உடையது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் 0 முதல் 63 வரையுள்ள ஓர் எண். கணினி முதற்படத்தை ஆக்கித் தருமுன்னரே, கலிபோர்ணியாவிலிருந்த பொறியியலாளர் அவ்வெண்களைத் தாள்நாடாக்களில் அச்சிட்டு, அருகருகே பொருத்தி, எண்ணுக்கேற்ற வண்ணத்தைக் கையாலே தீட்டினர்.

அத்தொழிலையே இன்று செய்நிரல் ஆற்றுகின்றது. பிஜிஎம் என்னும் எளிய கோப்புவகையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் 'பி' எழுத்தும் 2 என்னும் எண்ணும் சேர்ந்த அடையாளத்தைச் செய்நிரல் முதலில் எழுதும். அடுத்து அகலமும் உயரமுமாக 200, 200 என்பவற்றையும், பின் உச்ச அளவாக 63 என்பதையும் எழுதும். அதன்பின் 40,000 எண்களையும் மேல்நிரை தொடங்கி, இடமிருந்து வலமாக எழுதிவிடின் கோப்பு நிறைவுறும்.

இத்தலைப்பகுதி சிறிதாயினும் இன்றியமையாதது. அகலத்தை 199 எனப் பிழைபட எழுதின், நிரைதோறும் ஒரு புள்ளி விலகிப் படம் சரிந்துவிடும். பிஜிஎம் வகையில் 0 கருமையாகும். மூலத்தில் அது வெண்மையைக் குறிப்பின், ஒவ்வோர் எண்ணையும் 63 இலிருந்து கழித்தெழுதுதல் வேண்டும். அன்றேல் ஒளி இருளாய்த் தோன்றும். இவ்விவரங்களைப் பேணாது விடின், எண்கள் யாவும் எஞ்சியிருந்தும் படம் நம் கைக்கு எட்டாது. ஆதலின், அளவைகளோடு அளந்த முறையையும் எழுதிவைத்தல் ஆய்வோர் கடனாம்.