கத்தரிக்கோல் எழுதிய ஓவியம்

நுழையும்முன்

ஓவியம் என்றதும் தூரிகையும் வண்ணக் கிண்ணமும் நினைவுக்கு வருகின்றன. தூரிகையைத் தொடாமலே, வண்ணத்தாள்களை வெட்டியும் கிழித்தும் ஒட்டியும் விலங்குகளையும் நிலக்காட்சிகளையும் படைத்த கலைஞர்கள் உள்ளனர். அவர்களுள் சிலருக்கு அது விருப்பத்தால் தேர்ந்த வழி. வேறு சிலருக்கோ, நோயும் பார்வையிழப்பும் ஏனைய வழிகளை அடைத்தபின் எஞ்சி நின்ற வழி. அக்கலையின் இயல்பையும் செய்முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒட்டுச்சித்திரம்

தாள், துணி, நூல் போன்றவற்றை ஒரு பரப்பின்மீது ஒட்டி உருவாக்கும் படைப்பு ஒட்டுச்சித்திரம் எனப்படும். உலகெங்கும் வழங்கும் கொலாஜ் என்னும் பெயர், ஒட்டுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஐரோப்பிய நவீன ஓவியத்தில் இம்முறை 1912ஆம் ஆண்டில் இடம்பெற்றது. அவ்வாண்டில் பாப்லோ பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். ஜார்ஜ் பிராக், மரத்தின் வரிகளைப் போல அச்சிடப்பட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். பொழுதுபோக்குக் கைவேலையாகக் கருதப்பட்ட ஒட்டுதல், அதன்பின் ஓவியர்களின் மொழிகளுள் ஒன்றாயிற்று.

தூரிகையால் வரைபவர் பெரும்பாலும் முதலில் கோட்டினை இழுத்து, பிறகு அதற்குள் வண்ணம் தீட்டுவார். வண்ணத்தாளை வெட்டுபவருக்கோ கோடும் வண்ணமும் ஒரே செயலில் பிறக்கின்றன. கத்தரிக்கோல் செல்லும் வழியே உருவத்தின் எல்லை. தாளின் நிறமே உருவத்தின் நிறம். நுண்ணிய கோடுகளுக்கும் மெல்லிய நிழல்களுக்கும் இதில் இடம் குறைவு. ஆகவே, எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுப்பது என்று அறிவதே இக்கலையின் முதற்பாடம்.

நத்தையின் சுருள்

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் (1869 – 1954) வண்ணங்களைக் கையாள்வதில் பெரும்புகழ் பெற்றவர். 1941ஆம் ஆண்டில் புற்றுநோய்க்காக அவருக்கு வயிற்றில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. உயிர் பிழைத்தார், ஆயினும், ஓவியச் சட்டத்தின் முன் நெடுநேரம் நிற்கும் வலிமை மீளவில்லை. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் அவருடைய நாள்கள் கழிந்தன. அந்நிலையில் அவர் கத்தரிக்கோலைக் கையிலெடுத்தார். உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் வண்ணம் பூசி உலர்த்தித் தந்தனர். அவற்றை அவர் நேரடியாக வெட்டினார். வெட்டிய துண்டுகளை உதவியாளர்கள் சுவரில் ஊசிகொண்டு பொருத்தினர். அவர் சொன்னபடியெல்லாம் இடம் மாற்றினர். அமைப்பு மனநிறைவு அளித்த பின்னரே அவை நிலையாக ஒட்டப்பட்டன.

1953ஆம் ஆண்டில், தம் 83ஆம் வயதில் அவர் உருவாக்கிய 'நத்தை' இன்று இலண்டனிலுள்ள டேட் காட்சியகத்திற்கு உரியது. ஏறத்தாழ 2.87 மீட்டர் நீளமும் அகலமும் கொண்டது அது. அதில் ஊர்ந்து செல்லும் நத்தையைத் தேடினால் காண்பது அரிது. பச்சை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு எனப் பெரிய வண்ணத்துண்டுகள் சுருளாகச் சுற்றி நிற்கின்றன. மத்தீஸ் முதலில் உண்மையான நத்தையைப் பார்த்து வரைந்து பழகினார். பிறகு அதன் உடலையும் கொம்பையும் விடுத்து, ஓட்டின் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டார். விலங்கின் எல்லா உறுப்புகளையும் காட்டாமலே அதன் இயல்பைக் காட்டலாம் என்பதற்கு இப்படைப்பு சான்றாகும்.

விரல் அறிந்த விளிம்பு

வங்கத்தின் சாந்திநிகேதனத்தில் பயின்று, அங்கேயே ஆசிரியராக விளங்கியவர் பினோத் பிகாரி முகர்ஜி (1904 – 1980). பிறவியிலேயே பார்வைக்குறை உடையவர். ஒரு கண்ணின் மங்கிய பார்வையைக் கொண்டே பெரிய சுவரோவியங்களைத் தீட்டியவர். 1950களின் பிற்பகுதியில் கண் அறுவை மருத்துவம் பயனளிக்காமல் போக, எஞ்சிய பார்வையையும் முற்றாக இழந்தார். ஓவியருக்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை. அவர் கலையைக் கைவிடவில்லை. வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டி உருவங்கள் படைத்தார்.

இதற்குத் தாள் பொருத்தமாக அமைந்ததன் காரணம் எளிது. தீட்டிய கோட்டினை விரலால் உணர இயலாது. வெட்டிய விளிம்பை உணர இயலும். ஓர் உருவம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கை அறிந்துகொள்கிறது. அவருடைய மாணவரான திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரே, அவருடைய வாழ்வையும் கலையையும் 'அகக்கண்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1972ஆம் ஆண்டில் ஆவணப்படமாக்கினார்.

கிழித்த தாளில் ஒரு நிலம்

தாளைக் கையால் கிழித்து ஒட்டும் கலையை ஜப்பானியர் 'சிகிரி-எ' என்பர். இக்கலையில் புகழ்பெற்றவர் யாமாஷிட்டா கியோஷி (1922 – 1971). அவர் சிறப்புப் பள்ளியில் பயின்றபோது இதனைக் கற்றார். பின்னாளில் ஊர் ஊராக நடந்து திரிந்தார். கண்ட காட்சிகளைத் திரும்பி வந்தபின் நினைவிலிருந்தே படைத்தார். நாகவோகா நகரின் வாணவேடிக்கையைக் காட்டும் அவருடைய 1950ஆம் ஆண்டுப் படைப்பில் இருண்ட வானும் ஆறும் விரிகின்றன. கரையில் திரண்ட மக்கள் சின்னஞ்சிறு தாள்துணுக்குகளாக நிற்கின்றனர். துணுக்கு ஒவ்வொன்றும் பொருளற்றது. ஒன்றுசேரும்போது ஓர் இரவு உருவாகிறது.

உருவாக்கும் முறை

கண்காட்சிக்குரிய ஒட்டுச்சித்திரம் கூர்ந்து நோக்குதலில் தொடங்குகிறது. யானையின் முதுகு வளைவு, நாரையின் நீண்ட கழுத்து, ஆட்டின் நிமிர்ந்த காது என ஒவ்வோர் உயிருக்கும் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும் ஒரு வடிவம் உண்டு. அதனை முதலில் ஒற்றை நிறத்தாளில் வெட்டிப் பார்த்தல் வேண்டும். அது தெளிவாக இருந்தால், கண்ணும் தோகையும் பிறகு சேரலாம்.

நிலக்காட்சியைப் பின்புறத்திலிருந்து முன்புறமாக அடுக்குதல் வேண்டும். வானம், தொலைமலை, அண்மைக் குன்று, மரம், விலங்கு என்பது வரிசை. தொலைவிலுள்ள மலைகள் இடையிலுள்ள காற்றினால் வெளிறியும் நீலம் கலந்தும் தோன்றும். எனவே, அவற்றிற்கு மங்கிய தாளையும் அண்மைப் பொருள்களுக்கு அடர்நிறத் தாளையும் கொள்வதால் ஆழம் தோன்றும்.

கட்டடம், பாறை போன்றவற்றிற்கு வெட்டிய விளிம்பு பொருந்தும். மேகம், அலைநுரை, விலங்கின் மயிர் ஆகியவற்றிற்குக் கிழித்த விளிம்பே ஏற்றது. ஒருபுறம் மட்டும் வண்ணமுள்ள தாளைக் கிழித்தால் விளிம்பில் உள்தாளின் வெண்மை தெரியும். அதுவே நுரையாகவும் மூடுபனியாகவும் பயன்படும். தாளின் இழை ஓடும் திசையில் கிழித்தால் நேராகவும், குறுக்கே கிழித்தால் கோணலாகவும் கிழியும்.

எல்லாத் துண்டுகளையும் உரிய இடத்தில் வைத்துப் பார்க்காமல் ஒன்றையும் ஒட்டலாகாது. பசை மெல்லிதாகப் பரவுதல் வேண்டும். ஈரத்தால் விரியும் தாள் உலரும்போது சுருங்கி, அடித்தளத்தை வளைக்கும். கெட்டியான அட்டையைத் தேர்ந்து, ஒட்டியபின் கனமான நூல்களின் அடியில் உலரவிட்டால் வளைவு குறையும். நாளிதழ்த்தாளில் மரக்கூழின் லிக்னின் மிகுதியாக உள்ளதால் ஒளியும் காற்றும் பட்டு விரைவில் பழுப்பேறும். நெடுநாள் காக்க வேண்டிய படைப்புக்கு அது ஏற்றதன்று. வெயில் நேரே படாத சுவரில், கண்மட்டத்தில் மாட்டுதல் நன்று.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல், மெல்லிய தாள்களில் தாமே வண்ணம் பூசி, அவற்றை வெட்டி ஒட்டிக் குழந்தை நூல்களுக்குப் படம் உருவாக்கியவர். தாள்கட்டு ஒன்றில் துளையிட்டுக்கொண்டிருந்தபோது நூலை அரிக்கும் புழுவின் நினைவு அவருக்கு எழுந்தது. அதிலிருந்து உருவான, பசித்த கம்பளிப்புழுவைப் பற்றிய படநூல் 1969ஆம் ஆண்டில் வெளிவந்தது. புழு தின்ற இடங்களில் அந்நூலின் பக்கங்களிலும் துளைகள் உள்ளன.

நிறைவாக

விலையுயர்ந்த கருவிகள் எவையும் ஒட்டுச்சித்திரத்திற்குத் தேவையில்லை. ஒரு கத்தரிக்கோல், சிறிது பசை, எறியப்பட இருந்த தாள்கள் ஆகியவை போதும். அது கோருவன கூர்ந்த நோக்கும் பொறுமையுமே. மத்தீஸிடமிருந்து நோய் கவர்ந்தது நிற்கும் வலிமையை. முகர்ஜியிடமிருந்து இருள் கவர்ந்தது கண்ணொளியை. அவர்கள் பல்லாண்டுகள் உலகைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு கவரப்படவில்லை. அதனை வெளிப்படுத்த ஒரு துண்டுத்தாளே போதுமானதாயிற்று.