நடமாடும் இல்லமும் அதன் மின் சேமிப்பும்

அவுஸ்திரேலியாவின் தென்புறத்தே நல்லாபோர் என்னும் பரந்த சமவெளி உண்டு. மரம் இல்லை என்று பொருள்படும் இலத்தீன் சொற்களால் அமைந்தது அப்பெயர். அதனூடே செல்லும் நெடுஞ்சாலையில் நோர்ஸ்மன் என்னும் ஊரிலிருந்து சிடூனா வரையுள்ள தூரம் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். இடையே எரிபொருள் விற்கும் விடுதிகள் சிலவன்றிப் பேரூர் எதுவும் இல்லை. படுக்கையும் அடுப்பும் அமைந்த மோட்டார் வண்டியையே இல்லமாகக் கொண்டு இவ்வழியே செல்வோர் பலர். வெட்டவெளியில் இரண்டு மூன்று நாள் தங்கும்போது அவர்களுக்கு வேண்டிய மின்சாரத்தை அளிப்பது வண்டியிலுள்ள பற்றரியே.

இத்தகைய வண்டியில் இரண்டு பற்றரிகள் இருத்தல் வேண்டும். எஞ்சினை இயக்கும் பற்றரி, பெரும் மின்னோட்டத்தைச் சில விநாடிகளுக்கு மட்டும் அளிப்பது. வீட்டுப் பற்றரியோ சிறு மின்னோட்டத்தை நெடுநேரம் அளிப்பது. வண்டி நிற்கும்போது இரண்டும் தொடர்பின்றி இருத்தல் அவசியம். இல்லையேல் இரவெல்லாம் விளக்கெரித்தவர் காலையில் எஞ்சினை இயக்க இயலாது தவிப்பார். உதவி கிட்டும் இடமோ நூறு கிலோமீற்றருக்கு அப்பாலும் இருக்கலாம்.

1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான காஸ்தோன் பிளாந்தே ஆக்கிய ஈய அமிலப் பற்றரி இன்றும் பயன்படுகின்றது. 100 அம்பியர்-மணி என்று அதன்மேல் எழுதியிருப்பினும், அதிற் பாதியையே நாம் செலவிடலாம். அதற்குமேல் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். இறக்கியபடியே விட்டுவைத்தால் தகடுகளிற் படியும் ஈயச் சல்பேற்று இறுகிக் கொள்ளளவைக் கெடுக்கும். ஓய்ந்திருக்கும் பற்றரி 12.7 உவோற்றுக் காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 உவோற்றுக்கு இறங்கினால் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

இனிச் செலவைக் கணக்கிடுவோம். 4 அம்பியர் இழுக்கும் குளிர்சாதனப் பெட்டி ஒரு நாளில் 10 மணி நேரம் ஓடினால் 40 அம்பியர்-மணி செலவாகும். 1 அம்பியர் விளக்குகள் 5 மணி நேரம் எரிந்தால் 5. 6 அம்பியர் தண்ணீர்ப் பம்பி அரைமணி நேரம் ஓடினால் 3. ஆக மொத்தம் 48. ஒரே நாளில் நமது பாதிப் பங்கு தீர்ந்துவிட்டது! 1,000 உவாற்று மின்கேத்தலோ 90 அம்பியருக்கு மேல் இழுக்கும். பத்து நிமிடத்தில் 15 அம்பியர்-மணியை விழுங்கும். தேநீருக்கு எரிவாயு அடுப்பே ஏற்றது.

வரவு எவ்வாறு? 100 உவாற்றுச் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 25 அம்பியர்-மணி தரும். ஆகவே மேற்கூறிய செலவுக்கு இரண்டு தகடுகளாவது தேவை. தென்கோளமாகையால் அங்கே அவற்றை வடக்கு நோக்கிச் சாய்த்து வைப்பர். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டால் பற்றரி நிறைந்துவிடும் என்பது தவறான எண்ணம். ஈய அமிலப் பற்றரி முக்காற்பங்கு வரை விரைவாக ஏறும், 14.4 உவோற்றளவில் நிகழும் இறுதிப் பகுதிக்குப் பல மணி நேரம் வேண்டும். இப்பணிக்குப் பகல் முழுதும் உழைக்கும் சூரியனே தகுந்தவன்.

இக்காலத்தில் பரவிவரும் இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி பாரத்திற் குறைந்தது. கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கைத் தயக்கமின்றி அளிப்பது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றுதல் கேடாகும். அன்றியும், தீரும் வரையில் அதன் உவோற்றளவு பெரிதும் மாறாது. எனவே உட்சென்றதையும் வெளிவந்ததையும் கூட்டிக் கழிக்கும் அளவுமானியே அதற்கு வேண்டும்.

மாலையிலும் காலையிலும் அளவுமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்ல வழக்கம். இன்சுலின் மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கும் ஒருவருக்கு இது உயிர் காக்கும் கணக்குமாகும். வானம் மூடினால் முதல் நாளே செலவைச் சுருக்குதல் வேண்டும். மூன்றாம் நாள் சுருக்குவதற்கு மிச்சம் எதுவும் இராது.