காற்று பழுக்க வைத்த தேறல்

“அத்தை, நீங்க குடிக்க வேணாம். முகர்ந்து, ஒரு வாய் ருசி பார்த்துச் சொன்னா போதும்.”

என் தம்பி மகன் ஸ்பெயினில் ஓட்டல் வேலையில் இருக்கிறான். விடுமுறைக்கு நெய்வேலி வந்தபோது ரியோஹா பகுதியின் வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் கொண்டு வந்தான். 2009ஆம் ஆண்டு பறித்த திராட்சை. முப்பது வருடம் பழுப்பு நிலக்கரியின் ஈரத்தையும் சாம்பலையும் அளந்தவள் நான். என் மூக்கின் மேல் அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

முதலில் கண். கோப்பையைச் சாய்த்து, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தோம். புது வெள்ளை ஒயின் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கும். இதுவோ முற்றிய தங்கம், ஓரம் வரை பளபளப்பு. மங்கிப் பழுப்பேறியிருந்தால் அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

நிறத்தை மாற்றியது காற்று. நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெட்டியெடுத்த நிலக்கரியைக் குவித்து வைத்தால் அது ஆக்சிஜனை உள்வாங்கிச் சூடேறும். கவனிக்காமல் விட்டால் தானே புகையும். ஒயினுக்கும் காற்று அப்படித்தான். அளவு மீறினால் கெடுக்கும், துளித்துளியாகப் போனால் பழுக்க வைக்கும். ரியோஹாவில் அந்த அளவைக் காப்பது 225 லிட்டர் ஓக் பீப்பாய். வெள்ளையில் ‘கிரான் ரெசெர்வா’ என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 4 ஆண்டு முதிர வேண்டும், அதில் 6 மாதமாவது பீப்பாயில். ஆரோ என்ற ஊரில் 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா நிறுவனம் பல ஆண்டுகள் பீப்பாயிலேயே வைத்திருக்கிறது. இத்தனை காலம் தாங்குவதற்குத் திராட்சையின் புளிப்பு ஒரு முக்கியக் காரணம். ஊறுகாயைக் காப்பதும் புளிப்புதானே!

அடுத்தது மூக்கு. ஃபிரிட்ஜ் குளிரில் வாசம் எழாது. 12, 14 டிகிரிக்கு வரும்வரை காத்திருந்தோம். அசைக்காமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை முகர்ந்தேன். முதலில் தேன்மெழுகு. அடுத்து, நெய்யில் வறுத்த முந்திரி, பண்ருட்டிப் பக்கத்து வீடுகளில் பாயசத்துக்குத் தாளிக்கும் அதே வாசம். கடைசியில் காய்ந்த ஆரஞ்சுத் தோல்.

குறைகளுக்கும் வாசம் உண்டு. நனைந்த அட்டை வாடை வந்தால் கார்க் கெட்டது. வினிகர் நெடி மூக்கில் ஏறினால் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை, ரியோஹா வெள்ளையில் தூக்கலாக இருந்தால் காற்று மிஞ்சிய குறை. ஆனால் ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் ஊரின் ஃபீனோ என்ற ஒயினில் அதுவே இலட்சணம். அங்கே ஈஸ்ட், பாலாடை போல ஒயின்மேல் படர்ந்து காற்றைத் தடுக்கும். அந்த ஆடையே இந்த வாசத்தையும் தரும். ஆகவே எது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பிறகு நாக்கு. ஒரு மிடறு எடுத்து, வாய் முழுக்கப் புரட்டி, சிறிது காற்றை உறிஞ்சி, துப்பிவிட்டேன். ஒரே அமர்வில் பல ஒயின்களைச் சோதிப்பவர்களும் துப்பத்தான் செய்கிறார்கள். துப்பிய பிறகு எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று எண்ண வேண்டும். முப்பது எண்ணியும் முந்திரி போகவில்லை. நாக்கின் ஓரத்தில் புளிப்பு உயிரோடு இருந்தது. பழுத்திருக்கிறது, வாடவில்லை.

இந்தச் சோதனை நமக்கு அந்நியமில்லை. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு பேசுகிறது. நம் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பறம்பு நாட்டில் மண்ணில் புதைத்து முதிரவைத்த மதுவைக் கபிலர் பாடியிருக்கிறார். மூங்கில் குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் சொல்கிறது. தேறல் என்றால் தெளிந்த மது. தேறுதல் என்றால் தெளிதல். ஆராய்ந்து நம்புவதும் அதுவே. பொருளுக்கும் அதைச் சோதிக்கும் செயலுக்கும் வேர் ஒன்றாக வைத்த மொழி நம்முடையது.

மறுநாள் காலை, கழுவாமல் கிடந்த கோப்பையை எடுத்து முகர்ந்தேன். வறுத்த முந்திரி வாசம் அடியில் அப்படியே இருந்தது. தம்பி மகனைக் கூப்பிட்டு, அவனிடமும் நீட்டினேன்.