தர்பேலா: வண்டல் காப்பாத்தின அணை, வண்டல் விழுங்குற அணை

பாகிஸ்தானோட கைபர் பக்தூன்க்வா மாகாணத்துல, சிந்து நதிக்குக் குறுக்கே 143 மீட்டர் உயரத்துல ஒரு மண்கரை நிக்குது. நீளம் 2,743 மீட்டர். பேரு தர்பேலா. உலகத்தோட மிகப் பெரிய மண் அணைகள்ல இதுவும் ஒண்ணு.

1960ல கையெழுத்தான சிந்து நதிநீர் ஒப்பந்தத்துல ராவி, பியாஸ், சட்லெஜ் மூணும் இந்தியாவுக்குப் போச்சு. அந்த ஆறுகளை நம்பியிருந்த பாகிஸ்தான் வயல்களுக்கு வேற தண்ணி வேணும். அதுக்காக வந்ததுதான் இந்த அணை.

சரி, ஏன் மண்ணுல கட்டினாங்க? அங்க ஆத்துப் படுகையில நூறு மீட்டருக்கும் மேல வெறும் மணலும் கூழாங்கல்லும்தான். பாறையே எட்டாது. அதுமேல கான்கிரீட் சுவரை நிறுத்துறது ஆபத்து. மண்கரைன்னா, தரை கொஞ்சம் அமுங்கினாலும் கூடவே அமுங்கிக்கும். ஆனா தண்ணி கூழாங்கல் வழியா அணைக்கு அடியிலயே கசிஞ்சு ஓடிடுமே! அதைத் தடுக்க, அணையோட அடியிலேருந்து நீர்த்தேக்கத்துக்குள்ள ஒரு கிலோமீட்டருக்கும் மேல, பாய் விரிக்கிற மாதிரி நீர் புகாத மண்ணைப் பரப்பினாங்க. தண்ணி அவ்வளவு தூரம் சுத்திக்கிட்டு வரணும். வர்றதுக்குள்ள அதோட விசை குறைஞ்சிடும்.

1974ல முதல் தடவை நீர் நிரப்பினப்போ அணையில தண்ணி போற ஒரு சுரங்கம் உடைஞ்சது. நீர்த்தேக்கத்தைக் காலி பண்ணிப் பார்த்தா, அந்த மண் விரிப்புல நூற்றுக்கணக்கான குழிகள்! அந்த விபத்து நடக்கலைன்னா, அப்போ இது யார் கண்ணுலயும் பட்டிருக்காது. அடைச்சாங்க. மறுபடி நீர் நிரம்பின பிறகும் புதுக் குழிகள் விழ, படகுல மண்ணைக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ள கொட்டினாங்க. மிச்ச வேலையை சிந்துவே செஞ்சது. அது கொண்டுவந்த வண்டல் விரிப்பு மேல படியப் படிய, கசிவு குறைஞ்சுக்கிட்டே வந்தது.

இப்போ அதே வண்டல்தான் பெரிய கவலை. நீர்த்தேக்கத்தோட கொள்ளளவுல மூணுல ஒரு பங்குக்கு மேல போயாச்சு. வண்டல் மேடு வருஷா வருஷம் அணையை நோக்கி நகருது. பெரிய நிலநடுக்கம் வந்து அது சரிஞ்சா, மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் நீர் எடுக்கிற சுரங்கங்களோட வாய் அடைபடலாம். 4,888 மெகாவாட் நிறுவுதிறன் இருந்து என்ன பயன்? தண்ணி வர வழி இல்லைன்னா டர்பைன் சுத்தாது.

இன்னொண்ணையும் சொல்லியாகணும். இந்த அணைக்காக ஏறக்குறைய 96,000 பேர் ஊரை விட்டுப் போனாங்க. மாற்று நிலம் கேட்டுப் பல குடும்பங்கள் பல பத்தாண்டு அலைஞ்சிருக்கு. அணையோட கணக்குல இதையும் சேர்க்காம பேசுறது நியாயம் இல்ல.

இப்போ சிந்துவோட மேல்பகுதியில தியாமர்-பாஷா அணையைக் கட்டிக்கிட்டிருக்காங்க. அது முடிஞ்சா, வண்டலோட பெரும்பங்கு அங்கேயே தங்கிடும், தர்பேலாவுக்கு ஆயுள் கூடும். அதுவரைக்கும் ஒவ்வொரு கோடையிலயும் மலை மண்ணு தர்பேலாவுக்குத்தான் வந்து சேரும்.